தடுப்பூசி வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வயதானவர்களிடம் டாக்டர்கள் எப்படிப் பேசினால் கேட்பார்கள்?

முதலில் எதற்குப் பயம் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

2021 மார்ச் 1-ல் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி ஆரம்பித்தபோது அப்பாவுக்கு 71. சர்க்கரை உண்டு, இதய ரத்தக்குழாயில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், அதனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் உண்டு. "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு 17-ம் தேதி இறந்துபோனதும், "வேண்டவே வேண்டாம்" ஆகிவிட்டது. கையில் இருக்கும் அம்மை குத்தின தழும்பைக் காட்டி, இதுவும் தடுப்பூசிதானே என்றேன். "அது வேற, இது வேற, போடா" என்றார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ "படிச்சவர்தானே நீங்க" என்று கடிந்துகொண்டார். அவ்வளவுதான், இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, சர்க்கரை பார்ப்பதும் நின்றது.

அப்புறம் வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "ஐயா, போட்டுக்கிட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கடைசியில் அப்பா சொன்னது விவேக்கைப் பற்றியே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களுக்கு ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது என்று வாக்கிங்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், எங்களிடம் மூச்சுவிடவில்லை! டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெல்லிய ஊசிதான், மாத்திரையை நிறுத்தாதீங்க, குத்தின இடத்தைத் தேய்க்காம ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிங்க என்றார். விவேக் விஷயத்தையும் மழுப்பாமல், அவருக்கு இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, உள்ளே கொழுப்பு படிவது பல வருஷமாக நடப்பது என்று விளக்கினார். (ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னது அக்டோபரில்தான். அதற்குள் வாட்ஸ்அப் வதந்தி எங்கேயோ போய்விட்டது.)

ராத்திரி காய்ச்சல் வரும், உடம்பு வலிக்கும், பாரசிட்டமால் போடுங்க என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். காய்ச்சல் வந்தபோது அப்பா பயப்படவில்லை, "டாக்டரம்மா சொன்ன மாதிரியே வந்திருக்கு பார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னாளில் நிமோனியா ஊசிக்கும் "இந்த வயசுல எதுக்கு" என்றார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் டாக்டரம்மா அவரிடம் பேசினார். உண்மையான காரணம், கொரோனா ஊசி இலவசம், இது அப்படியில்லை, பையனுக்குச் செலவு வைக்கக் கூடாதாம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்கவே வந்திருக்காது.

அதையும் போட்டாயிற்று. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும் என்பதற்கு மட்டும் இன்னும் வீட்டில் சண்டை நடக்கிறது.