சுசுகி ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டும் அது ஏன் உரசுகிறது?

உயரம் கூட்டினால் இந்த உரசல் போகாது. கார் பார்க் வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் கரகரக்கிறது என்றால், 235/75 ஆர்15 டயரின் உட்பக்கம் பெரும்பாலும் ஆக்சிலிலிருந்து பின்னால் போகும் ரேடியஸ் ஆர்ம் என்ற இரும்புக் கையில்தான் இடிக்கிறது. அந்த ஆர்ம் ஆக்சிலோடு சேர்ந்தே அசையும். ஸ்பிரிங் எவ்வளவு நீளமானாலும் இடைவெளி அப்படியேதான்.

ஊகிக்க வேண்டாம், சாக்பீஸ் போதும். இரண்டு ஆர்மிலும், சக்கரக் குழியின் உள் பிளாஸ்டிக்கிலும் தடவி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி மெல்ல உருட்டுங்கள். எங்கே அழிந்திருக்கிறது?

1. ஆர்மில் என்றால் நக்கிளில் (சக்கரத்தோடு திரும்பும் பாகம்) உள்ள, திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் போல்ட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே எடுங்கள், அரைச் சுற்று அரைச் சுற்றாக. திரும்பும் வட்டம் பெரிதாகும், வேறு வழியில்லை.

2. ஒரு பக்கப் பிளாஸ்டிக்கில் மட்டும் என்றால் ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் பான்ஹார்ட் ராடை, நீளம் மாற்றக்கூடியதாகப் போட வேண்டும்.

சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டாலும் ஆர்ம் உரசல் தீரும். ஆனால் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டினால் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) சோதனையில் மாட்டுவீர்கள். இன்னொன்று, வண்டியோடு வரும் 195/80 டயரை விட இந்த டயர் விட்டத்தில் 40 மி.மீ. பெரிது: மீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 95 வரை இருக்கலாம். பிஐஇ விரைவுச்சாலைக் கேமராவுக்கு அது தெரியும்.