அரசு மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கென்று கையெழுத்து கேட்டால் மறுக்கலாமா?

வார்டில் இருக்கும் தந்தையிடம் ஆய்வுப் படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள், மறுத்தால் சிகிச்சை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையக் கூடாது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியானாலும் சரி, அண்மையில் திறந்த மாவட்டக் கல்லூரியானாலும் சரி, எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்பதால், இப்படிக் கேட்பது வழக்கம்தான். ஆனால் அதற்கு முன்பே, ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும்; அக்குழுவின் தலைவர் அந்நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும் என்றும், மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில், நோயாளிக்குப் புரியும் மொழியில் முழுவதையும் வாசித்து விளக்கிய பிறகே பெருவிரல் ரேகை பெறலாம். டிஸ்சார்ஜ் அவசரத்தில் மைப்பெட்டியை நீட்டுவது (அதுவும் நடக்கிறது) ஒப்புதல் ஆகாது. சம்மதித்த பிறகும், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.