நகரம் விழப்போகிறது என்று தெரிந்தும் தீர்க்கதரிசி எரேமியா ஏன் நிலம் வாங்கினார்?

இது வேதாகமத்தில் எரேமியா புத்தகம் 32-ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஏறத்தாழ கி.மு. 587. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியாவோ காவலில். தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். உறவினர் நிலத்தை மீட்கும் உரிமை லேவியராகமம் 25:25-இல் இருக்கிறது.

கிரயம் நடந்த விதத்தைக் கவனியுங்கள். 17 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்றால் 190 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்போது அங்கே நாணயப் புழக்கம் இல்லாததால் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். பத்திரம் இரண்டு பிரதி: முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று. திறந்ததை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்; அதில் திருத்தம் என்று வழக்கு வந்தால் முத்திரையை உடைத்து ஒப்பிடலாம். அநேக நாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்க தம் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார். சீக்கிரம் விடுதலை வரும் என்று நம்பியவர் இப்படிப் பத்திரப்படுத்தமாட்டார்.

பலர் 15-ஆம் வசனத்தை ('இனி வீடுகளும் நிலங்களும் இந்தத் தேசத்தில் வாங்கப்படும்') மட்டும் எடுத்து உடனடி ஆசீர்வாதமாகப் பிரசங்கிக்கிறார்கள். அது தவறு. பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது எரேமியா 29:10; 32:25-இல் எரேமியாவே திகைத்து ஜெபிக்கிறார். நகரமும் எரிந்தே போனது.

ஆனாலும் வாக்கு வீண்போகவில்லை. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில், எஸ்றா 2:23: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.