அணு மாதிரிகள் எல்லாமே தவறு என்றால், அவற்றை ஏன் பள்ளியில் படிக்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று வரிசையாக நடத்தி, ஒவ்வொன்றின் கீழும் ‘குறைபாடுகள்’ எழுதிப் போடும்போது பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மாதிரியை விட்டு அடுத்ததற்குப் போக வைத்தது எது என்பதற்குப் பாடப்புத்தகம் இரண்டு வரிதான் ஒதுக்குகிறது. எனக்கு அந்த இரண்டு வரிதான் பாடமே.

1897இல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் தாம்சன். எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை, முழு அணுவுக்கோ மின்சுமையே இல்லை. அப்படியானால் ஈடுகட்ட நேர்மின்சுமை எங்கோ இருந்தாக வேண்டும். அதை அணு முழுக்கப் பரப்பி, எலக்ட்ரான்களை நடுநடுவே பதித்துவைத்தார். நாம் தர்பூசணியும் விதையும் என்று படித்தது அதைத்தான். அன்று தெரிந்திருந்த விவரங்களுக்கு அது நல்ல விளக்கம்.

1909இல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டெனும் ஆல்பா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாகக் கிளம்பும் நேர்மின்சுமைத் துகள்களை, மெல்லிய உலோகத் தகடுகள் மீது பாய்ச்சினார்கள். மார்ஸ்டெனுக்கு அப்போது இருபது வயதுதான், பட்டம்கூட வாங்கவில்லை. துகள் வந்து மோதினால் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஒரு கணம் மங்கலாக ஒளிப்பொட்டு மின்னும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முக்கியமான சோதனையில் திரை தகட்டுக்குப் பின்னால் இல்லை. துகள்கள் கிளம்பும் பக்கத்திலேயே இருந்தது. அவை நேராகத் திரைக்கு வந்துவிடாதபடி நடுவே ஈயத்தை வைத்து மறைத்தார்கள். தர்பூசணி அணு என்றால் அந்தத் திரையில் ஒன்றுமே மின்னக் கூடாது. மின்னியது. சுமார் 8000 துகள்களில் ஒன்று திரும்பி வந்தது.

8000இல் ஒன்றுதானே, ஏதோ பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ரூதர்ஃபோர்டு அதை விடவில்லை. ஆல்பா துகள் எலக்ட்ரானைவிட 7000 மடங்குக்கும் மேல் கனமானது, எலக்ட்ரானால் அதைத் திருப்ப முடியாது. பரவிக் கிடக்கும் மின்சுமைக்கும் அந்த வலு கிடையாது. அணுவின் நிறை கிட்டத்தட்ட முழுவதும், அதோடு பெரிய மின்சுமை ஒன்றும், மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால்தான் கணக்கு சரியாக வருகிறது. அந்தச் சிறிய இடம்தான் அணுவின் கரு. தங்க அணுவின் கருவை மிளகு அளவுக்குப் பெரிதாக்கினால் அணு சுமார் நூறு மீட்டர் அகலம் இருக்கும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம்: 1911இல் அவர் எழுதிய கட்டுரையில் ‘அணுக்கரு’ என்ற சொல்லே கிடையாது. நடுவில் இருப்பது நேர்மின்சுமையா எதிர்மின்சுமையா என்றும் முடிவாகச் சொல்லவில்லை. தன் கணக்குக்கு இரண்டுமே பொருந்தும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் அந்த மாதிரிக்கும் சிக்கல் வந்தது. அன்று தெரிந்திருந்த மின்காந்த விதிகளின்படி, கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்து நொடிப்பொழுதில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும், ஆனால் விழுவதில்லை. 1913இல் போர், எலக்ட்ரான் சுற்றுவதற்குக் குறிப்பிட்ட சில பாதைகளை மட்டும் அனுமதித்தார். ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் (அது வெளியிடும் ஒளியில் தெரியும் தனித்தனி நிறங்கள்) அழகாகப் பொருந்தின, ஹீலியத்துக்கு வந்ததும் இடித்தது. 1926இல், எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு பாதை என்ற எண்ணமே போனது. ஆனால் கரு அப்படியே இருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு முன்னால் வகுப்பில் ஒன்று செய்வேன். பெரிய அட்டையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்து, அடியில் நடுவில் ஒரு சின்னக் கல்லை ஒட்டிவிடுவேன். குனிந்து பார்க்கக் கூடாது, கோலிக்குண்டை மட்டும் உருட்டலாம். பத்து, இருபது, முப்பது குண்டுகள் நேராக மறுபக்கம் போகும். “உள்ள ஒண்ணுமே இல்ல சார்” என்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எவனோ உருட்டிய குண்டு ‘டக்’ என்று மோதி அவன் கைக்கே திரும்பி வரும். அதற்குப் பிறகு யாரும் தேர்வைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த இடத்திலிருந்து உருட்டினான் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள்.