பூட்டிய சப் சென்டரும் இரண்டு ஊர் நர்சம்மாவும்

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். இங்குள்ள துணை சுகாதார நிலையம் வாரத்தில் நான்கு நாள் பூட்டியே கிடக்கிறது. பக்கத்து ஊர் நர்சம்மாதான் வந்து போகிறார், அதுவும் அவசர அவசரமாக. விசாரித்தால், "காலியிடம் ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். அந்த நர்சம்மா மீது புகார் எழுதலாமா? யாருக்கு எழுதுவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்மீது எழுதாதீர்கள். வருகிற ஒருவரையும் இழப்பீர்கள். எழுத வேண்டியது அந்தப் பணியிடத்தைப் பற்றி.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 13 பிறப்பு என்று வைத்தால் 65 குழந்தைகள். பிரசவமான தாயையும் பிள்ளையையும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் பார்க்க வேண்டும். இது மட்டுமே 390 நடை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, சர்க்கரை, பிரஷர், கணினி வேலை எல்லாம் இதற்கு மேல். இரண்டு ஊர் என்றால் 780 நடை. ஒரு ஆளால் ஆகாது. ஆகாதபோது முதலில் நின்றுபோவது வீட்டு நடைதான். கணினியில் ஏற்றாவிட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும். ஒரு வீட்டுக்குப் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்தில் இந்த அடி பலமாக விழுவது தலைப்பிரசவத்தில். வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்) வாங்கியது புகுந்த ஊரில், கடைசி மாதங்களில் இருப்பது பிறந்த ஊரில். பிரஷர் ஏறுவதும் முகம் வீங்குவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். "ஹீமோகுளோபின் 8.2, இரும்புச்சத்து ஊசி பாதியில் நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இந்த ஊர் நர்ஸ் அந்த ஊர் நர்ஸிடம் ஒப்படைத்தால்தான் கவனிப்பு அறுபடாது. ஒரு முனையில் ஆள் இல்லையா, அந்தப் பெண்ணின் பெயர் இரண்டு ரிஜிஸ்டரிலும் இருக்கும், அவளை இரண்டு ஊரிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண் என்றால் தாய்சேய் நல அட்டையைக் கையோடு கொடுத்தனுப்பி, போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தடுப்பூசி நாளிலும் இதே அவசரம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் வியர்த்து, காதருகே குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் தடுப்பூசிப் பெட்டியில் அடுக்க வேண்டும். இரண்டு ஊருக்கு ஓடும் காலையில் வெட்டுப்படுவது இந்த நேரம்தான். கெட்டி ஐஸில் பட்டு உறைந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) வீரியம் இழந்துவிடும். குப்பியின் மேலுள்ள வி.வி.எம். அடையாளம் சூடு பட்டதை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. கரைத்த தட்டம்மை-ருபெல்லா மருந்துக்கு ஆயுள் 4 மணி நேரம். காலை 9.30-க்கு ஓர் ஊரில் கரைத்ததை 2 மணிக்கு அடுத்த ஊரில் போடக் கூடாது. இதற்காக ஊசியைத் தவிர்த்துவிடாதீர்கள். குப்பியில் திறந்த நேரம் எழுதியிருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

"காலியிடம் இல்லை" என்ற பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பணியிடத்தில் பெயர் இருக்கும், ஆள் மாற்றுப்பணியில் வேறிடம் போயிருப்பார். அல்லது ஓராண்டு மகப்பேறு விடுப்பில் இருப்பார். விடுப்பு அவர் உரிமை. பதிலுக்கு ஆள் போடாதது நிர்வாகத்தின் குறை. ஆகவே காலியிடம் எத்தனை என்று கேட்காதீர்கள். மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். உங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு துணை நிலையத்திலும் கூடுதல் பொறுப்பு (வேறு ஊர் நர்ஸே சேர்த்துப் பார்ப்பது) உண்டா, எந்தத் தேதியிலிருந்து, மாற்றுப்பணியில் அல்லது நீண்ட விடுப்பில் யாராவது இருக்கிறார்களா, மாற்றுப்பணி ஆணையின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆகஸ்டிலேயே அனுப்பினால் அக்டோபர் 2 கிராம சபைக்குப் பதில் கையில் இருக்கும். அதற்குப் பிந்தினால் மழை பிடித்துக்கொள்ளும், வயல் முழுக்கத் தண்ணீர், எலிக்காய்ச்சலும் டெங்குவும் வரும் பருவம். சபையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். நிலையத்தின் பெயரும், கூடுதல் பொறுப்பு தொடங்கிய தேதியும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.