தேருக்கு முன்னால் ஓர் ஆபரேஷன்

கேள்வி: நான் கொடைக்கானல் மேல்மலையில் அங்கன்வாடிப் பணியாளர். வயது 38, உயரம் 152 செ.மீ., எடை 104 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மூட்டு வலி உண்டு. இரவில் குறட்டைவிட்டு மூச்சு முட்டி எழுந்துகொள்கிறேன். அவ்வப்போது நெஞ்செரிச்சலும் வரும். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு ஐப்பசிக் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம்தான். கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார், “வாயைக் கட்ட முடியாதவள் வயிற்றை அறுக்கப் போகிறாள்” என்கிறார். மகளுக்கு 12 வயது. என்னிடம் எதுவும் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊர்க் குழந்தைகளை மாதாமாதம் எடை போடுகிற நான், தராசில் ஏறியே மூன்று வருடம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்த்த காலத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வந்தது. அவர் திரும்பி வந்த பிறகும் அது போகவில்லை. பயமாக இருக்கிறது. மனத்தையும் வீட்டையும் எப்படித் தயார் செய்வது? தை கழிந்தால் ஊர்த் தேர். அன்னதானப் பந்தியில் என்னால் உட்கார முடியுமா?
பெயர் வேண்டாம், மேல்மலை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

“அவ்வப்போது நெஞ்செரிச்சலும் வரும்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குச் செய்யப்போகிற, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி மீதியைக் குழாய்போல் ஆக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் புதிதாக வருகிறது. முன்பே இருப்பவர்களுக்கு அது கூடவும் செய்யலாம். எரிச்சல் கடுமையாக இருந்தால், அல்லது எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்ணாகியிருப்பது தெரிந்தால், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறை மேல் என்று மருத்துவர் சொல்லக்கூடும். நாளைக்கே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி செய்தார்களா, அதில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைக்க வேண்டாம். 28 ஆண்டுகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்தவள் நான். கேள்வி கேட்கும் நோயாளியைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதிதான்.

அடுத்தது உங்கள் மாமியாரின் பேச்சு. கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். உங்களுக்கு அது 45. நம் நாட்டில் 37.5-க்கு மேல் இருந்தாலே மருத்துவர்கள் இந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறார்கள். சர்க்கரை போன்ற நோயும் சேர்ந்திருந்தால் 32.5 போதும். இந்த அளவுக்கு ஏறிய எடையை வாயைக் கட்டி மட்டும் இறக்கி, இறங்கிய இடத்திலேயே நிறுத்திவைப்பது மிகமிகக் கடினம். எடை குறையத் தொடங்கியதும் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உள்ளதைச் செலவழிக்காமல் பிடித்துவைக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஆபரேஷனில் நீக்கப்படும் முக்கால் பங்கில் அந்த இடமும் போய்விடுகிறது. பசி அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மையத்தில் வளர்ச்சி அட்டவணையில் சிவப்புக்கு இறங்கிய குழந்தையை நீங்கள் திட்டுவதில்லை. காய்ச்சல் வந்ததா, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், தாய்க்கு வேலை கிடைக்கிறதா என்றுதானே விசாரிப்பீர்கள்? உங்களைப் பற்றியும் அதே குரலில் விசாரியுங்கள். மாமியாருக்கு ஒரே பதில் போதும்: “சர்க்கரைக்கும் மூச்சுத் திணறலுக்கும் டாக்டர் சொன்ன வைத்தியம்.” அதற்கு மேல் வாதாடிச் சக்தியைச் செலவழிக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து வந்ததும் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான்.

இனி அந்த இரவு அடுப்படி. அதை எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்றோ தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி. கணவர் ஊரில் இல்லை, வெளியே பனி, உள்ளே மகளும் மாமியாரும் தூங்குகிறார்கள். தணலின் சூடும், ஒரு பன்னும், ஒரு டம்ளர் இனிப்புத் தேநீரும்தான் அந்த நேரத்தில் உங்களோடு பேசியிருக்கின்றன. பசிக்காகச் சாப்பிட்ட சாப்பாடு அல்ல அது. துணைக்காகச் சாப்பிட்டீர்கள். மருத்துவர் இரைப்பையைத்தான் எடுப்பார். அந்தத் தனிமை அவர் கைக்கு எட்டாது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில், இரவு பதினோரு மணிக்கு, வயிறு கேட்காதபோதும் கால் அடுப்படிக்கு நடக்கும். அங்கே போய் உட்கார்ந்தால் நான்கு வாய்க்கு மேல் இறங்காது. அப்போது வருகிற அழுகைக்குப் பலருக்குக் காரணமே புரிவதில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உடன் இருந்த துணை ஒன்று போனதற்கான அழுகை அது. வருவது இயல்பு. அழுதுவிடுங்கள். ஆனால் இரண்டு வாரம் விடாமல் தொடர்ந்தாலோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த ஐந்து வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். பதிவேடு எழுதிப் பழகிய கை உங்களுடையது. ஒரு நாற்பது பக்க நோட்டை அடுப்பு மேடையில் வையுங்கள். இரவில் எதையாவது எடுப்பதற்கு முன் மணி என்ன, அன்று பகலில் என்ன நடந்தது, மனத்தில் என்ன இருக்கிறது என்று மூன்றே வரி எழுதுங்கள். எழுதிவிட்டுச் சாப்பிட்டாலும் தவறில்லை. பத்து நாளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அதுதான் பேச வேண்டிய விஷயம். ஆபரேஷனுக்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். பலர் அங்கே தேர்வு எழுதப் போவதுபோல் போய், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள். முன்பே தெரிந்தால்தான் அவர்களால் உதவ முடியும். கணவரிடமும் சொல்லுங்கள். குற்றச்சாட்டாகச் சொல்ல வேண்டாம். “நீங்கள் திருப்பூரில் இருந்தபோது ராத்திரி எனக்கு இப்படி இருந்தது” என்று சொன்னால் போதும். அந்த வேளையில் கால் மணி நேரம் அவர் உங்களோடு உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பெரிய தயாரிப்பு வேறில்லை.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்கிறேன். இனிமேல் சாப்பிட முடியாதே என்று சிலர் பரோட்டா, பிரியாணி, இனிப்பு என ஒவ்வொன்றுக்கும் விடை கொடுக்கும் விருந்து நடத்துவார்கள். வேண்டாம். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கும். சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டு வேலை செய்யும் மருத்துவருக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். அதைச் சுருக்கத்தான் ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரத்துக்குச் சோறு, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் வெகுவாகக் குறைத்து, புரதம் மிகுந்த உணவு கொடுக்கிறார்கள். உருளைக்கிழங்கு விளைகிற ஊரில் இது கஷ்டம்தான். அந்த இரண்டு வாரமும் சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சில மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தவும் வேண்டியிருக்கும். எதை, எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

இப்போது என் அக்காவின் கதை. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவளுக்கு இதே வகை ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, எடையும் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்கள். ஆயுள் முழுவதும் போட வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டாள். இரண்டாம் வருடம் பாதம் மரத்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தாள். பரிசோதித்தால், நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டுத் தேற்றினோம், ஆனாலும் விரல்களில் இன்னும் முழு உணர்ச்சி இல்லை. செவிலியராக இருந்தும் நான் கேட்காமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பல சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரை எல்லாம் மருத்துவர் சொல்லும் அளவில் ஆயுள் முழுவதும் வேண்டும். வருடம் ஒரு முறையாவது இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதற்கான பணத்தையும், மதுரைக்கு இறங்கி ஏறும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். காப்பீடு இருந்தால் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டில் உடல் நிறை எண் 40-க்குக் குறையாமலோ, கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோயோடு 35-க்குக் குறையாமலோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. காத்திருப்புக் காலமும் உண்டு.

மலைக்கு வருவோம். மேல்மலையிலிருந்து கொடைக்கானல், வத்தலக்குண்டு வழியாக மதுரை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஐப்பசி மழையில் மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் பாதை நின்றுவிடும். எனவே குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே இறங்கிவிடுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் அவசரப்பட்டு மலையேறவும் வேண்டாம். இரைப்பையில் தையல் போட்ட இடம் உள்ளே கசிந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும். அதுவரை மதுரையிலோ வத்தலக்குண்டிலோ உறவுக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு வாந்தி வருமானால் அதையும் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு ஏறுங்கள். காய்ச்சல், ஓய்ந்திருக்கும்போதும் படபடவென்று அடிக்கும் நாடி, அடங்காத வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் போவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கணவருக்கும் சொல்லிவையுங்கள்.

ஊர் திரும்பியதும் கவனிக்க வேண்டியது தண்ணீர். குளிரில் நமக்குத் தாகம் தெரியாது. சுருங்கிய இரைப்பையால் மடக்மடக்கென்று குடிக்கவும் முடியாது. அரை நாள் கவனிக்காமல் விட்டால் தலை சுற்றும். வெதுவெதுப்பான நீரை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கையருகே வைத்து, வாய் வாயாக, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். முதலில் தெளிந்த திரவ உணவுகள், பிறகு பால், மோர், அதன்பின் மசித்த பருப்பும் குழைந்த முட்டையும் என்று படிப்படியாக ஏறி, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாளுக்கு 60 கிராம் புரதம் குறி. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், பயப்படாதீர்கள், திரும்ப முளைக்கும். கொழுப்பு கரையக் கரையக் குளிர் முன்னைவிட உறைக்கும். கம்பளியும் காலுறையும் இப்போதே எடுத்துவையுங்கள்.

மையத்துக்கு ஒரு மாதமாவது விடுப்பு கேளுங்கள். அதன்பிறகும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தண்ணீர்க் குடம், சமையல் பாத்திரம், விறகுக் கட்டு, ஏன், அழுகிற குழந்தையைக்கூடத் தூக்கக் கூடாது. உதவியாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு “வயிற்றில் ஆபரேஷன்” என்பதே போதும். ஒன்றரை வருடத்துக்குக் கருத்தரிப்பதையும் தவிர்க்க வேண்டும். எடை குறையும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும் என்பதால் இதை முன்பே பேசிவிடுங்கள்.

மகளிடம் நீங்களே பேசுங்கள். அவள் கேட்காததற்குக் காரணம், அம்மா செத்துப்போய்விடுவாளோ என்ற கேள்வியை வாயில் வைக்கப் பயப்படுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யார் உடன் இருப்பார், எந்த நேரத்தில் அவளோடு தொலைபேசியில் பேசுவீர்கள் என்று சொல்லுங்கள். ஆபத்து கொஞ்சம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் உண்டு என்பதையும் மறைக்காதீர்கள்.

தேர் அன்னதானத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் குறித்த நாளில் நடந்து, வழக்கமான சாப்பாட்டுக்கு வர மருத்துவர் அனுமதியும் கொடுத்திருந்தால், பந்தியில் தாராளமாக உட்காரலாம். முதல் பந்தியின் நெரிசல் வேண்டாம், கடைசிப் பந்திக்குப் போங்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பரிமாறுபவரிடம் முதலிலேயே கை காட்டி ஒரு கரண்டி சோறும் அதைவிடக் கூடுதலாகப் பருப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பில் தொடங்குங்கள், மென்று விழுங்குங்கள், இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பாயசத்தில் ஒரு வாய் போதும். தண்ணீர் டம்ளரை மட்டும் மகள் பக்கம் நகர்த்திவையுங்கள்.