வாசகர் கேள்வி: வீட்டை வரையச் சொன்னா…

கேள்வி: அமெரிக்காவுல வீடுன்னா என்னன்னு குழந்தைங்களை வரையச் சொல்லி போட்டி வைக்கிறாங்களாமே? எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி ஓட்டு வீடு, சூரியன், மரம்னுதானே வரையும், அதுல என்ன இருக்கு?
- ஒரு வாசகி

பதில்: நிறைய இருக்குங்க. அதை நடத்துறது நாரோ, அரசு வீட்டுவசதி நடத்துறவங்களோட சங்கம், 1933ல ஆரம்பிச்சது. அரசு உதவியில கிடைச்ச வீட்டுல குடியிருக்கிற பசங்கதான் வரையணும், ஜெயிச்ச படங்களை காலண்டரா போடுறாங்க. வாடகை கட்ட முடியாம வீடு வீடா மாறின குழந்தைக்கு பூட்டுற மாதிரி ஒரு கதவு இருக்கிறதே பெரிய விஷயம், அது அந்த ஓட்டு வீட்டுப் படத்துலயும் வரும்.

இன்னொரு உதாரணம் சொல்றேன். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல செக் நாட்டு தெரெசின்ங்கிற ஊர்ல நாஜிங்க அடைச்சு வச்சிருந்த யூதக் குழந்தைங்களுக்கு ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ்னு ஒரு ஓவியர் வரையக் கத்துக்குடுத்தாங்க, பேப்பர் கிடைக்காம பழைய ஆபீஸ் ஃபாரத்தோட பின்பக்கம்லாம் வரைஞ்சிருக்காங்க பசங்க. 1944ல ஆஷ்விட்ஸ்ங்கிற நாஜி கொலை முகாமுக்கு போறதுக்கு முன்னாடி சுமார் 4,500 படங்களை ரெண்டு சூட்கேஸ்ல வச்சுட்டுப் போனாங்க ஃப்ரீடல், திரும்பி வரல. படங்க இப்போ ப்ராக் யூத மியூசியத்துல இருக்கு. அதுலயும் வீடு, மேசை, பூன்னு சாதாரண படங்க இருக்கு, பார்க்கவே மனசு தாங்காது.

அதனால உங்க புள்ள வரையும்போது கோடு கோணலா இருக்குன்னு திருத்தாதீங்க, ப்ளீஸ். இது யாரு, இந்த ஜன்னல் ஏன் இவ்ளோ பெருசுன்னு கேளுங்க, சொல்றதை அப்படியே படத்துக்குப் பின்னாடி தேதி போட்டு எழுதி வைங்க.